தொடக்க வாசகரும் உள்ளெரி எஞ்சின் நூல்களும்: விளக்க உரைநடை பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

இலக்கியத் திறனாய்வு பெரும்பாலும் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகியவற்றையே தன் எல்லையாகக் கொண்டுள்ளது. ஒரு பொருளை அறியாதவனுக்கு அறிவிக்கும் உரைநடையைத் திறனாய்வுக்குரியதாகக் கருதும் வழக்கம் நம்மிடையே குறைவு. ஆயின் தமிழ் இலக்கண மரபு இதில் வேறுபட்ட நிலையினது. நூல் எவ்வாறு அமைய வேண்டும், எவ்வாறு அமையலாகாது என்பதனைத் தொல்காப்பிய மரபியலும் நன்னூல் பாயிரமும் வரையறுத்துள்ளன. அங்கு நூல் எனப்படுவது முதன்மையாக அறிவு நூலே. எனவே நன்னூலார் வகுத்த குற்றங்களும் அழகுகளும் இலக்கண நூலுக்குப் பொருந்துவதுபோல் எந்திர நூலுக்கும் பொருந்தும் எனலாம்.

பெட்ரோல், டீசல் ஆகியவற்றால் இயங்கும் உள்ளெரி எஞ்சினைத் தொடக்க வாசகருக்கு விளக்கும் நூல்களை அவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டுரையாளர் பொறியியல் பயின்றவர் அல்லர். இந்நூல்களை அறியாமையோடு அணுகிய வாசகர் என்ற நிலையிலேயே இம்மதிப்பீடு அமைகிறது. ஒரு தொடக்க நூல் தன் பணியைச் செய்ததா என்பதற்குத் துறை வல்லுநரைவிடத் தொடக்க வாசகரே உரிய சான்றாவார்.

இவ்வாய்வுக்கு நடைமுறைத் தேவையும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ஆம் ஆண்டில் கட்டடப் பொறியியல், எந்திரப் பொறியியல் ஆகிய இரு படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2021 முதல் இந்திய மொழிகளில் பொறியியல் கல்வியை ஊக்குவித்து வருகிறது. இம்முயற்சிகளைப் பற்றிய உரையாடல் கலைச்சொல் என்ற ஒன்றையே சுற்றி வருகிறது. சொல் கிடைத்துவிட்டால் நூல் கிடைத்துவிடும் என்னும் எண்ணம் அதனுள் மறைந்துள்ளது. அவ்வெண்ணம் சரியன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக்குக் கொண்ட நூல்கள்

ஆங்கிலத்தில் இப்பொருள் பற்றிய நூல்களை மூன்று வகைப்படுத்தலாம். முதல்வகை, கல்லூரிப் பாடநூல். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜான் ஹேவுட் எழுதி 1988-இல் வெளிவந்த 'இன்டெர்னல் கம்பஸ்சன் எஞ்சின் ஃபண்டமென்டல்ஸ்' இவ்வகையின் தலைமை நூல். இதன் இரண்டாம் பதிப்பு 2018-இல் வெளிவந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் வி. கணேசன் எழுதிய 'இன்டெர்னல் கம்பஸ்சன் எஞ்சின்ஸ்' இந்திய மாணவர்களிடையே பரவலாக வழங்குவது.

இரண்டாம் வகை, பொது வாசகருக்கான படநூல். டேவிட் மெக்காலே 1988-இல் வெளியிட்ட 'தி வே திங்ஸ் வொர்க்' இதற்குச் சான்று. மூன்றாம் வகை, பழுது நீக்கும் கைந்நூல். வான்கலப் பொறியியல் துறையில் பணியாற்றிப் பின் அதனைத் துறந்த ஜான் மியூர் என்பார் 1969-இல் வெளியிட்ட ஃபோக்ஸ்வாகன் கார் பராமரிப்பு நூல் இவ்வகையில் புகழ்பெற்றது. பீட்டர் ஆஷ்வாண்டன் அதற்குப் படம் வரைந்தார். 1966-இல் தொடங்கிய ஹெய்ன்ஸ் கைந்நூல் வரிசையும் இவ்வகையினதே. ஒரு வாகனத்தை முழுமையாகப் பிரித்து மீண்டும் பூட்டிப் பார்த்த பின்னரே அதற்கான நூலை எழுதுவது என்பது அவ்வரிசையின் நெறி.

முறையின் வைப்பு

நூலின் அழகுகளுள் ஒன்றாக நன்னூலார் கூறுவது முறையின் வைப்பு. எஞ்சினைப் பற்றி எழுதும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. உறுப்புகளை முதலில் கூறுவதா, தொழிலை முதலில் கூறுவதா?

பல தொடக்க நூல்கள் உறுப்புகளிலிருந்து தொடங்குகின்றன. சிலிண்டர், பிஸ்டன், பிஸ்டன் வளையம், கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், வால்வு, ஸ்பார்க் பிளக் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, வடிவம் சொல்லி, செய்யப்பட்ட உலோகம் சொல்லிச் செல்கின்றன. வாசகர் பத்துப் பெயர்களை மனத்திற்கொண்ட பின்னும் அவை ஏன் ஒன்றாகக் கூடின என்பதனை அறியார். ஆசிரியர் ஆகாதாருக்கு உவமையாக நன்னூல் கூறும் கழற்குடம் இங்கு நினைவுக்கு வருகிறது. கழற்காய் நிறைந்த குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் இட்ட முறையில் வாரா. அனைத்தும் வரும், ஆனால் வரிசை இராது. உறுப்புப் பட்டியலாகத் தொடங்கும் நூலின் நிலையும் இதுவே.

ஹேவுட்டின் நூல் பதினைந்து இயல்களால் ஆனது. எஞ்சின் வகைகளையும் அவை இயங்கும் முறையையும் முதல் இயலில் சொல்லி, வெப்பவேதியியல், கருத்தியல் சுழற்சிகள், வளிமப் பரிமாற்றம், எரிதல், மாசு, வெப்பக் கடத்தல், உராய்வு எனச் செல்கிறது. வல்லுநராக விழைவார்க்கு இவ்வரிசை பிழையற்றது. முதல் இயலைத் தொடக்க வாசகரும் பயனுறக் கற்கலாம். அடுத்த இயல்களில் கணிதம் மிகுந்துவிடுகிறது. அங்கு அவருக்கு நூல், நன்னூல் கூறும் பருத்திக் குண்டிகையாகிவிடுகிறது. அடைத்த பஞ்சு சிறிது சிறிதாகவே வெளிவரும். இதனை நூலின் குற்றமாகக் கொள்ளலாகாது. தொடக்க வாசகர் கையில் அதனைக் கொடுத்தவரின் குற்றமே அது. கணேசனின் நூல் தேர்வெழுதும் மாணவரை முன்னிறுத்தி எடுத்துக்காட்டுக் கணக்குகளோடு அமைந்தது. அதன் வாசகர் இன்னார் என்பது ஐயமின்றித் தெரிவதால் அதன் நடையும் தடுமாற்றமின்றி அமைகிறது.

மெக்காலே வேறு வழி செல்கிறார். எந்திரங்களை அவற்றின் பயன்பாட்டால் அடுக்காமல் அடிப்படைத் தத்துவத்தால் அடுக்குகிறார். நெம்புகோல், பற்சக்கரம், கேம், கிராங்க் எனத் தலைப்புகள் அமைகின்றன. ஒவ்வொரு தத்துவத்தையும் மாமத யானை ஒன்றின் கதையால் அறிமுகம் செய்கிறார். ஒன்றுக்கொன்று தொடர்பற்றனவாகத் தோன்றும் கருவிகள் ஒரே தத்துவத்தின் வடிவங்கள் என்பதனை வாசகர் தாமே காண்கிறார். இதன் குறைபாடும் இதிலேயே உள்ளது. எஞ்சின் பல தத்துவங்களின் கூட்டு. தத்துவங்களைத் தனித்தனியே அறிந்தவர் அவை ஒரு கணத்தில் கூடித் தொழிற்படுவதனைத் தாமே தொகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

வினைமுதல் யார்?

நான்கு வீச்சு எஞ்சினை விளக்காத தொடக்க நூல் இல்லை. பிஸ்டன் கீழிறங்கும்போது கலவை உள்ளே வருகிறது. மேலேறும்போது கலவை அமுக்கப்படுகிறது. எரிந்த வளிமத்தின் அழுத்தத்தால் பிஸ்டன் கீழிறங்குகிறது. மீண்டும் மேலேறும்போது புகை வெளியேறுகிறது. நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் இயக்கிக் காட்டிய இச்சுழற்சி நான்கு படங்களாக ஒரே வரிசையில் அச்சிடப்படுகிறது.

இப்படங்களைக் காணும் தொடக்க வாசகருக்கு எழும் முதல் ஐயம் இது: எரிதல் நிகழ்வது ஒரு வீச்சில் மட்டுமே எனில், ஏனைய மூன்று வீச்சுகளில் பிஸ்டனை நகர்த்துவது எது? இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பி விடை கூறும் நூல்கள் சிலவே. விடை எளியது. ஒரு வீச்சில் பிஸ்டன் கிராங்கைச் சுழற்றுகிறது. மற்ற மூன்றில் கிராங்க் பிஸ்டனை நகர்த்துகிறது. ஆற்றல் வீச்சில் பெற்ற விசையைத் தன் சுழற்சியில் தேக்கி வைக்கும் கனத்த சக்கரமாகிய ஃப்ளைவீலும், பல சிலிண்டர் எஞ்சினாயின் பிற சிலிண்டர்களும் அதனைச் சாத்தியமாக்குகின்றன.

இவ்விளக்கம் பல ஆங்கில நூல்களில் விடுபடுவதற்கு மொழியும் ஒரு காரணமாகலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஆங்கிலத்தில் 'மூவ்' என்னும் வினை தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவில் நிற்கிறது. பிஸ்டன் மேலே செல்கிறது என எழுதுங்கால் செலுத்துவோர் யார் என்னும் வினா எழாமலே தொடர் நிறைவு பெற்றுவிடுகிறது. தமிழில் நகர்கிறது, நகர்த்துகிறது எனவும், சுழல்கிறது, சுழற்றுகிறது எனவும், எரிகிறது, எரிக்கிறது எனவும் வினை வடிவே பிரிந்து நிற்கிறது. ஒரு வீச்சில் பிஸ்டன் எழுவாயாகவும் பிறவற்றில் செயப்படுபொருளாகவும் வருவதனைத் தமிழ்த் தொடர் தன் இலக்கண அமைப்பாலேயே காட்ட இயலும். 'கிராங்க் பிஸ்டனை மேலே தள்ளுகிறது. பிஸ்டன் கலவையை அமுக்குகிறது' என்னும் தொடரில் காரணச் சங்கிலி முழுமையாக உள்ளது. 'பிஸ்டன் மேலே செல்லும்போது கலவை அமுக்கப்படுகிறது' என்பதில் அச்சங்கிலியின் முதற்கண்ணி இல்லை.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ் தரக்கூடிய தெளிவை இழக்கிறார். 'அமுக்கப்படுகிறது, திறக்கப்படுகிறது, வெளியேற்றப்படுகிறது' எனச் செயப்பாட்டு வினைகளே தொடரும் பத்தியில் வினைமுதல் எங்கும் இல்லை. எந்திரத்தை விளக்குவது என்பது வினைமுதல்களை வரிசைப்படுத்துவதே. வால்வைத் திறப்பது கேம், கேமைச் சுழற்றுவது கிராங்க், கிராங்கைச் சுழற்றுவது பிஸ்டன், பிஸ்டனைத் தள்ளுவது எரிந்த வளிமத்தின் அழுத்தம். இவ்வரிசையைப் பிறழாது சொல்லும் நூலே விளங்க வைத்தல் என்னும் அழகினைப் பெறும்.

உருவகம் விளைக்கும் பிழை

எஞ்சினுள் நிகழ்வதனை வெடிப்பு எனக் கூறுவது தொடக்க நூல்களின் பொது வழக்கு. உறிஞ்சு, நெருக்கு, வெடி, ஊது என்னும் பொருள்படும் நான்கு சிறுசொற்களால் ஆன ஆங்கில வாய்பாடும் மாணவரிடையே வழங்குகிறது. சுருங்கச் சொல்லல் என்னும் அழகு இதற்கு உண்டு. எனினும் இதன் இரு சொற்கள் வாசகரைத் தவறான வழியிற் செலுத்துகின்றன.

முதலாவது, உறிஞ்சுதல். பிஸ்டன் கீழிறங்குவதால் சிலிண்டரினுள் அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் காற்றை உள்ளே தள்ளுகிறது. உள்ளே நுழையும் காற்றின் அளவுக்கு வளிமண்டலமே எல்லை வகுக்கிறது. உறிஞ்சுதல் என்னும் சொல்லோடு நின்றுவிட்ட வாசகருக்கு, மலையுச்சியில் வண்டியின் திறன் குறைவதேன் என்பது விளங்காது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போசார்ஜரின் தேவையும் விளங்காது.

இரண்டாவது, வெடித்தல். இயல்பாக இயங்கும் பெட்ரோல் எஞ்சினில் கலவை ஒருங்கே வெடிப்பதில்லை. ஸ்பார்க் பிளக்கில் தோன்றும் சுடர் கலவையூடே பரவிச் செல்கிறது. விரைவாயினும் அப்பரவலுக்குக் காலம் வேண்டும். அதனாலேயே பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி தெறிக்குமாறு அமைக்கின்றனர். வெடிப்பு என்னும் உருவகத்தை நம்பிய வாசகருக்கு இம்முன்னேற்பாடு முரணாகத் தோன்றும். மேலே வரும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளாதா என வினவுவார். அவருடைய வினா சரியானது. பிழை அவருக்குக் கொடுக்கப்பட்ட சொல்லில் உள்ளது.

மேலும், சுடர் சென்று சேருமுன்னரே எஞ்சிய கலவை தானே பற்றிக்கொள்வதும் உண்டு. அதுவே நாக்கிங் எனப்படும் தட்டல். ஆங்கிலேயப் பொறியியலாளர் ஹாரி ரிக்கார்டோ முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இந்நிகழ்வை விரிவாக ஆராய்ந்தார். எரிபொருளின் தட்டல் எதிர்ப்பை அளக்கும் ஆக்டேன் எண் பின்னர் நடைமுறைக்கு வந்தது. ஆக, வெடிப்புக்கு நெருக்கமானது எஞ்சினின் நோயே. அதன் இயல்பான தொழில் எரிதல். நோயின் பெயரை உடலின் இயல்புக்குச் சூட்டிவிட்டால், நோயைச் சொல்ல வேண்டிய இடத்தில் நூலுக்குச் சொல் இல்லாமற் போகிறது. மாறுகொளக் கூறல் என்னும் குற்றம் நேர்வது இவ்வாறே. முதல் இயலில் வெடிப்பு இன்றியமையாதது எனக் கூறிய நூல் பின்னொரு இயலில் வெடிப்பைத் தவிர்க்க வேண்டும் எனக் கூற நேர்கிறது.

உவமை பயனுடையதாயினும் எல்லையுடையது என்பதற்கு இத்துறையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ 1824-இல் வெப்பத்தின் இயக்கு திறன் பற்றி வெளியிட்ட சிறுநூல் பொது வாசகரையும் கருதி எழுதப்பட்டது. கணிதத்தைப் பெரும்பாலும் அடிக்குறிப்புகளுக்கு ஒதுக்கிய நூல் அது. உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல், உயர் வெப்பநிலையிலிருந்து தாழ் வெப்பநிலைக்குச் செல்லும் வெப்பம் எந்திரத்தை இயக்குகிறது என்பது அவர் உவமை. வெப்பநிலை வேறுபாடே ஆற்றலுக்கு அடிப்படை என்னும் அழியாத உண்மையை அவ்வுவமை தந்தது. அதேவேளையில், விழுந்த நீர் அளவில் குறையாததுபோல் வெப்பமும் குறைவதில்லை என்னும் அக்காலப் பிழையையும் உடன் சுமந்தது. வெப்பத்தில் ஒருபகுதி வேலையாக மாறுகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. உவமை எதுவரை செல்லும் என்பதனை நூலாசிரியரே சொல்லிவிடுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அளவும் விளங்கு உதாரணமும்

தொடக்க நூல்களில் எண்கள் இருவகைத் தீங்குக்கு உள்ளாகின்றன. சிலவற்றில் எண்ணே இல்லை. சிலவற்றில் வாய்பாடாக மட்டுமே உள்ளது. எண்ணை அனுபவமாக்கும் நூல்கள் அரியன.

நிமிடத்திற்கு 3000 சுற்று என்பது வாசகருக்கு எதனையும் உணர்த்தாது. நொடிக்கு 50 சுற்று என்றும், ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை கலவை தீப்பற்றுகிறது என்றும், ஒரு வீச்சு நூறில் ஒரு நொடியில் முடிகிறது என்றும் கூறினால் எண் உயிர்பெறும். அவ்வாறே, பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும் என்பது பாடநூல் செய்தி. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். அதற்கு வேண்டிய காற்று 11 கிலோவிற்குச் சற்றுக் குறைவு. பரும அளவில் ஏறத்தாழ 9000 லிட்டர். ஆயிரம் லிட்டர் மாடித் தொட்டிகள் ஒன்பதனை நிரப்பும் காற்று ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வேண்டும் என அறிந்தவர், எஞ்சினை எண்ணெய் குடிக்கும் எந்திரமாக மட்டும் இனிக் கருதமாட்டார். காற்று வடிகட்டியைத் தூய்மை செய்ய வேண்டியதேன் என்பதும் அவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

உதாரணம் வாசகரின் வீட்டிலிருந்து வருதல் வேண்டும். மேலும் கீழுமான இயக்கம் சுழற்சியாவதற்குத் தையல் எந்திரத்தின் மிதியைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. கால் மிதியை முன்னும் பின்னும் சாய்க்கிறது. இணைப்புக் கம்பி அதனைச் சக்கரத்தின் சுழற்சியாக்குகிறது. கம்பியும் சக்கரத்தின் மையமும் ஒரே நேர்கோட்டில் வரும்போது மிதித்தாலும் சக்கரம் நகராது. ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் தன் வேகத்தாலேயே அவ்விடத்தைக் கடந்துவிடும். நின்றுபோன எந்திரத்தை மீண்டும் தொடங்கத் தையற்காரர் கைச்சக்கரத்தைச் சற்றுத் திருப்பிவிடுவார். கனெக்டிங் ராடு, கிராங்க், ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகிய நான்கின் பணியும் இவ்வொரு காட்சியில் அடங்கியுள்ளன. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லாமலே தீப்பற்றுவதற்குச் சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சூடேறுவதே தக்க உதாரணம். அமுக்கிய காற்று வெப்பமுறும். டீசல் எஞ்சினில் அவ்வெப்பம் 500 பாகை செல்சியசைக் கடப்பதால் தெளித்த எண்ணெய் தானே பற்றுகிறது.

பழுதிலிருந்து தொடங்கும் அறிவு

ஜான் மியூரின் நூல் தன்னை முழு மூடருக்கான கைந்நூல் என்றே தலைப்பில் அறிவித்துக்கொள்கிறது. அது காற்றால் குளிரூட்டப்படும் ஒரே வகைக் காருக்கு உரியது. அக்கார் இன்று புதிதாக விற்பனையில் இல்லை. எனினும் அந்நூல் தொடக்க வாசகருக்கு இன்றும் பயன்தரக் காரணம் அதன் வினா அமைப்பாகும். எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்னும் வினாவோடு, ஏன் இயங்கவில்லை என்னும் வினாவையும் அது இணைக்கிறது. வாசகரின் கண், செவி, மூக்கு, கை ஆகியவற்றை அறிகருவிகளாக ஏற்கிறது. படங்களும் உறுப்பைக் காட்டுவதோடு அதனைக் கழற்றும் கையின் நிலையையும் மனத்தில் நிறுத்துகின்றன.

நம் பட்டறைகளில் வாய்மொழியாக வழங்கும் அறிவும் இவ்வகையினதே. கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதி, நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது, வெண்புகை விடாது வந்தால் குளிரூட்டும் நீர் உள்ளே கசிகிறதா எனப் பார்க்க வேண்டும் என மெக்கானிக் கூறுவார். ஒவ்வொரு கூற்றின் பின்னும் ஒரு கோட்பாடு உள்ளது. காற்று, எரிபொருள் விகிதம் முதலாவதன் பின்னும், பிஸ்டன் வளையங்களின் தேய்மானம் இரண்டாவதன் பின்னும், சிலிண்டர் ஹெட் கேஸ்கட்டின் பணி மூன்றாவதன் பின்னும் நிற்கின்றன. பாடநூல் கோட்பாட்டைச் சொல்லிப் புகையைச் சொல்லாது விடுகிறது. பட்டறை புகையைச் சொல்லிக் கோட்பாட்டைச் சொல்லாது விடுகிறது. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்ப்பதே தொடக்க நூலின் பணி.

ஆயினும் பட்டறை அறிவுக்கும் காலம் உண்டு. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த புதிய இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் மின்னணு எரிபொருள் உட்செலுத்தியே பெற்றுள்ளது. கார்புரேட்டரை மட்டும் விளக்கும் நூல் இன்றைய வண்டியை விளக்காது. ஆனால் காற்றுக்கும் எரிபொருளுக்கும் உரிய விகிதம் காக்கப்பட வேண்டும் என்னும் தேவையை விளக்கிய நூல் கார்புரேட்டர் மறைந்தாலும் பழமையடையாது. உறுப்பை விளக்கும் நூலைவிடத் தேவையை விளக்கும் நூலுக்கு ஆயுள் நீளும் என்பது இதனால் விளங்கும்.

கலைச்சொல்லும் தெளிவும்

தமிழில் எஞ்சினுக்குப் பொறி என்னும் சொல் ஆளப்படுகிறது. ஆனால் தீயிலிருந்து தெறிப்பதும் பொறி, எலியைப் பிடிப்பதும் பொறி, கண் முதலாய புலன் வாயில்களும் பொறி. ஸ்பார்க் பிளக் கொண்ட எஞ்சினைத் தீப்பொறிப் பொறி எனக் குறித்தால், வழூஉச்சொல் இல்லையாயினும், மயங்க வைத்தல் என்னும் குற்றம் நேர்கிறது. பிஸ்டனை உந்துதண்டு, ஆடுதண்டு என வழங்குவதிலும் இடர்ப்பாடு உண்டு. கார் எஞ்சினின் பிஸ்டன் தண்டு வடிவினதன்று. கவிழ்த்த கிண்ணம் போன்றது. தண்டு என்பது அதனோடு இணைந்த கனெக்டிங் ராடுக்கே பொருந்தும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல் மரபு எரிதலைத் தகனம் என வழங்குகிறது. தமிழக மரபு எரிதல், கனற்சி என்பனவற்றை ஆளுகிறது. ஒரே மொழியின் இரு நூல்களைப் படிக்கும் மாணவர் இவை ஒன்றே என்பதனைத் தாமே கண்டுகொள்ள வேண்டியுள்ளது.

தமிழ்ச்சொல் வேண்டா என்பது இதன் முடிவன்று. கருத்தைக் குறிக்கும் சொற்களில் தமிழ் ஆற்றல் மிக்கது. அழுத்தம், அமுக்கம், எரிதல், சுழற்சி, உராய்வு, வெப்பம், விசை ஆகியவை விளக்கமின்றியே விளங்குவன. வினை வடிவங்களின் தெளிவு முன்னர்க் காட்டப்பட்டது. ஆனால் கடையில் கேட்டு வாங்கும் உறுப்புகளுக்குப் பிஸ்டன், வால்வு, ஸ்பார்க் பிளக் என்பனவே மக்கள் வழக்கு. உறுப்புக்கு வழக்குச் சொல்லையும் கருத்துக்குத் தமிழ்ச் சொல்லையும் ஆளும் நடை, மாணவரையும் மெக்கானிக்கையும் ஒரே நூலின் வாசகராக்கும். உலக வழக்கோடு முரணாமை என்னும் அழகினை இவ்வாறும் பொருள் கொள்ளலாம்.

வழக்கறிஞராகவும் அறிவியல் எழுத்தாளராகவும் விளங்கிய பெ.நா. அப்புசுவாமி (1891–1986) பல பத்தாண்டுகள் தமிழில் அறிவியலை எழுதினார். துறை வல்லுநர் அல்லாத ஒருவர் கற்றுத் தெளிந்து பிறர்க்கு உரைக்க இயலும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. தாம் தெளிந்த வழியை மறவாதவரே பிறரை அவ்வழியில் அழைத்துச் செல்வார்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

தொடக்க வாசகர் தத்துவங்களைப் படத்தால் காட்டும் மெக்காலே போன்றார் நூலிலிருந்து தொடங்கி, ஒரு குறிப்பிட்ட வண்டியின் கைந்நூலைக் கண்ணும் கையும் கொண்டு கற்று, பின்னர் ஹேவுட், கணேசன் ஆகியோர் நூல்களின் தொடக்க இயல்களுக்குச் செல்வது தக்க வரிசையாகும். ஒரே நூல் இம்மூன்று பணிகளையும் செய்யும் என எதிர்பார்த்தல் ஏமாற்றத்தையே தரும்.

நூலைத் தேர்வோர்க்கு மூன்று வினாக்கள் உரைகல்லாகும். ஆற்றல் வீச்சு நீங்கலாக ஏனைய மூன்று வீச்சுகளில் பிஸ்டனை நகர்த்துவது எது என நூல் கூறுகிறதா? பிஸ்டன் உச்சியை அடையுமுன் பொறி தெறிப்பதேன் எனக் கூறுகிறதா? ஓர் எண்ணையாவது வாசகர் தம் வாழ்விலிருந்து உணருமாறு தருகிறதா? இம்மூன்றுக்கும் விடை தரும் நூல் அளவிற் சிறிதாயினும் கொள்ளத்தக்கது.

தமிழில் இத்தகைய நூல் எழுதுவோர் கலைச்சொல் பட்டியலோடு அமையாது, வினைமுதலைத் தெளிவுறுத்தும் தொடரமைப்பிலும், எல்லை கூறி ஆளும் உவமையிலும், பட்டறை வழக்கிலும் கருத்துச் செலுத்த வேண்டும். இவை பொறியியலார் மட்டும் தனித்துச் செய்யக்கூடிய பணிகள் அல்ல. தொடரமைப்பையும் சொற்பொருளையும் உவமையையும் ஆராய்வது தமிழ்த்துறையின் தொழில். எழுதிய நூலை அச்சுக்கு முன் படித்து, எங்கு விளங்கவில்லை எனச் சொல்லும் முதல் வாசகராகத் தமிழாசிரியர் அமர்தல் வேண்டும். தமிழ்வழியில் பயின்று எந்திரவியல் வகுப்பில் அமரும் மாணவர் தம் அறியாமையைத் தம் குறையாகக் கருதி வாளாவிருந்துவிடுகிறார். பல வேளைகளில் குறை அவர் கையிலுள்ள தொடரில் உள்ளது. அதனைக் கண்டு சொல்லும் பொறுப்பிலிருந்து நாம் விலகி நிற்றல் முறையன்று.